நிக்கலுக்குக் கீழே

பெரியப்பாவின் அம்பாசிடருக்குப் புதுப் பம்பர் வாங்குவதா, பழைய பம்பருக்கே குரோம் முலாம் போடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது 2016 வாக்கில். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2014 மே மாதம், மேற்கு வங்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியிருந்தது. அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்று பெரியப்பா யாரிடமும் எதுவும் பேசவில்லை. கொட்டகையில் வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் நின்ற வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்து உதறினார். மறுவாரமே மெக்கானிக் வந்துவிட்டார். இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் சாமான் கிடைத்தது. தகர வேலையை நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் கை பழகிய ஒரு டிங்கர் பார்த்துக்கொடுத்தார். கடைசியில் மிஞ்சியவை இரண்டு பம்பர்கள்.

அது மார்க் 2. 1962-லிருந்து 1975 வரை வந்த மாடல், முன்னால் சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில். எண்பதுகளில் பெரியப்பா அதை இரண்டாம் கையாக வாங்கி வாடகைக்கு ஓட்டினார். எங்கள் ஊரான பேளுக்குறிச்சியில் வாடகை வண்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எங்கள் சனிக்கிழமைச் சந்தையைப் பார்த்ததில்லை. சீரகம், சோம்பு, மிளகு, கடுகு, வெந்தயம், மல்லி, வரமிளகாய் எல்லாம் மலை மலையாகக் குவித்து விற்பார்கள். தை, மாசி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வருடத்து மளிகையை மொத்தமாக வாங்கிப்போக வந்திறங்குவார்கள். நாலு வீட்டுச் சாமான் ஒரு அம்பாசிடர் டிக்கியில் அடங்கும். அடங்காதது கேரியரில் ஏறும். மற்ற நாட்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில்.

அந்தப் பம்பர் எங்களுக்குத் திண்ணை. சந்தைத் தோப்பில் வண்டி நிற்கும்போது முன்பம்பரில் நானும் சித்தப்பா பையன்களும் வரிசையாக உட்கார்ந்து முறுக்குத் தின்போம். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் மரியாதை. மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம், நடுவில் மாவிலைத் தோரணம். யாரும் அதைத் துடைக்க மாட்டார்கள். மழையில் தானாகப் போனால் போகட்டும் என்பார்கள். பிற்பாடு அதே மூன்று இடத்தில் கடுகு கடுகாகப் புள்ளி விழுந்திருந்ததைப் பார்த்தேன். அது புறத்தோற்றம்தான். உண்மையான துரு பின்பக்கத்திலிருந்து வந்தது. பம்பரின் முதுகுக்கு முலாம் சரியாக ஏறுவதில்லை. மலையடிவாரத்துச் செம்மண் அங்கே அப்பி, ஈரம் காயாமல் கிடந்து, உள்ளிருந்து தின்றுவிடும்.

இப்படிப்பட்ட கதைகளில் பெரியவர்கள் பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இளசுகள் புதுசு கேட்பார்கள். எங்கள் வீட்டில் நேர்மாறு.

“அம்மிணி, நமக்கென்ன கண்காட்சியிலயா வெக்கப்போறோம்? புதுசு வாங்கி மாட்டுனா பளபளன்னு இருக்கும். அந்தத் துருப்புடிச்சதெ எடைக்குப் போட்றலாம்” என்றார் பெரியப்பா.

“அது வண்டியோடவே வந்தது பெரியப்பா” என்றேன்.

“டயருந்தான் வண்டியோட வந்துச்சு. அதெ எத்தனெ தடவ மாத்தியிருப்பேன்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். வண்டி ஓட்டிப் பிழைத்தவருக்கு பம்பர் ஒரு சாமான். அதில் உட்கார்ந்து முறுக்குத் தின்றவளுக்குத்தான் அது வேறு ஏதோ.

சென்னையில் இருந்த அண்ணன் புதுப்பேட்டைக்கு அழைத்துப்போனார். பழைய வண்டிகளைப் பிரித்து மேய்ந்து சாமானாக்கும் அந்தச் சந்துகளில் அம்பாசிடர் பம்பர் கேட்டால் இரண்டு விதமாகக் காட்டுவார்கள். ஒன்று மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்து, மேலே பேருக்கு நிக்கலும் குரோமும் காட்டியது. கையில் தூக்கினாலே எடையில் தெரிந்துவிடும். ஒரு மழைக்காலம் தாங்காது. இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் உலகம் முழுக்க இன்று டூப்ளிகேட் பம்பரில் நல்ல ரகம் என்றால் அதுதான். ஐரோப்பாவின் பழைய பென்ஸ், வோல்வோ, ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு வியட்நாமில் ஸ்டெயின்லெஸ் பம்பர் செய்து அனுப்புகிறார்கள். அதில் முலாம் கிடையாது, ஆகவே உரிவதும் கிடையாது. குரோமும் நிக்கலும் இரும்போடு கலந்தே இருக்கின்றன: 304 என்ற ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். பழைய பம்பரின் மேலே படிந்திருக்கும் அதே இரண்டு உலோகங்கள் இதில் உள்ளே இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. “பியூர் ஸ்டெயின்லெஸ்மா” என்றார். சேலம் பக்கத்துக்காரியிடம் ஸ்டெயின்லெஸ் பற்றிப் பேசலாமா? எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலைத் தகடு எங்கள் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் ஒரு மந்திரச் சொல். காந்தம் 304-லும் ஒட்டாது, அதைவிட மலிவான 202-லும் ஒட்டாது. 202-ல் நிக்கலைக் குறைத்துவிட்டு மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கொஞ்ச நாளில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு படரும். இரண்டையும் பிரித்தறிய பாத்திர வியாபாரிகள் ஒரு திரவத்தை ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியால் தொட்டுப் பார்ப்பார்கள். சிவந்தால் 202. அந்தக் கடையில் அந்தச் சொட்டு மருந்து இல்லை என்றார்கள். அடுத்த கடையில் இருந்தது. அங்கே வாங்கினோம், ஒரு ஜோடி.

ஊருக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. பின்பம்பர் ஓரளவுக்குப் பொருந்தியது. முன்பம்பர் உட்காரவில்லை. போல்ட் ஓட்டைகள் அரை விரல் தள்ளி இருந்தன, அதை அகலப்படுத்திக்கொள்ளலாம். வளைவை என்ன செய்வது? தொழிற்சாலைப் பம்பரை ராட்சத அச்சில் ஒரே அழுத்தாக அழுத்தி எடுப்பார்கள். நடுவில் லேசாக முன்னால் பிதுங்கி, ஓரத்துக்குப் போகப் போகச் சக்கரத்து மட்கார்டைத் தழுவிக்கொண்டு திரும்பும். அந்தத் திரும்பல் எந்த இடத்திலும் முறிந்து தெரியாது. டூப்ளிகேட்டை உருளையில் கொடுத்து வளைத்து, ஓரத் துண்டுகளைத் தனியே செய்து வெல்டு வைத்து, மேலே பாலிஷ் அடித்திருந்தார்கள். இடது பக்கம் மட்கார்டுக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு விரல் போனது. வலது பக்கம் ஒரு விரல்.

பெரியப்பா வண்டிக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “வாய் கோணிக்கிட்டுது” என்றார். அத்தோடு முன்பம்பர் விவகாரம் முடிந்தது. பழையதற்கே முலாம்.

சேலத்தில் முலாம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக் கொலுசு ஊர். செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் தெருவுக்குத் தெரு பாலிஷ் சத்தம் கேட்கும். ஆனால் கொலுசுக்கு வைத்த தொட்டி பம்பருக்கு ஆகாது. அம்பாசிடரின் அகலம் ஐந்தரை அடி. பம்பர் முழுதாக முங்குகிற தொட்டி வேண்டும். பாதி பாதியாக முக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். நடுவில் கோடு விழும் என்பது எனக்கே தெரிந்தது. பம்ப், மோட்டார் உதிரிகளுக்கு முலாம் போடும் ஒரு பெரிய பட்டறையைக் கடைசியில் பிடித்தோம்.

அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவரை குரோம் என்றால் பளபளப்பு என்று நினைத்திருந்தேன். பட்டறை மேஸ்திரி ஒரு பழைய சைக்கிள் ஹேண்டில்பாரை உடைந்த இடத்தில் காட்டி விளக்கினார். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நல்ல முலாமில் நிக்கல் 20, 30 மைக்ரான் இருக்கும். அதற்கு மேலே குரோம் அரை மைக்ரான்கூட இராது. துருவைத் தடுப்பது நிக்கல், மினுங்குவதும் நிக்கல். குரோம் அதன் மேல் கீறல் விழாமலும் கறுக்காமலும் காத்து, மஞ்சளோடிய நிறத்துக்கு ஒரு நீல ஓட்டத்தைக் கொடுக்கிறது. அந்த நிக்கலும் தனக்குக் கீழே இருக்கும் பரப்பை அப்படியே காட்டும், ஒன்றையும் மறைக்காது. கீழே பள்ளம் என்றால் மேலேயும் பள்ளம்.

ஆகவே வேலை முழுக்க முலாமுக்கு முன்னால். முதலில் அமிலத்தில் போட்டுப் பழைய குரோமைக் கழற்றினார்கள்; நிமிடங்களில் பச்சையாக நுரைத்துப் போய்விட்டது. நிக்கல் அவ்வளவு லேசில் விடாது. அதைக் கந்தக அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரத்தைத் திருப்பி ஓடவிட்டால்தான் உரியும். உரித்துப் பார்த்தபோது பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. எங்கள் திண்ணை முழுக்க அம்மைத் தழும்பு. ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து, நசுங்கலைத் தட்டி எடுத்து, பிறகு எமரி. 80-ல் ஆரம்பித்து 120, 180, 240 என்று ஏறிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தின கோட்டுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கீறல் பதுங்கிக்கொள்ளும்.

தேய்த்தவர் அறுபதை நெருங்கியவர். கொலுசு பாலிஷில் தொழில் பழகி இங்கே வந்தவர். அவர் பம்பரைத் தேய்ப்பதை நின்று பார்க்கலாம். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் அத்தனை நீள இரும்பைப் பிடிப்பதற்கே ஆள் வேண்டும். அவர் பிடிப்பதோடு, ஓரத்து மடிப்புகள் மழுங்காமல், போல்ட் ஓட்டையின் விளிம்பு இழுபடாமல், பம்பர்மேல் நிமிர்ந்து நிற்கும் ஓவர்ரைடர் உட்காரும் இடத்தின் கோடு அழியாமல் கொண்டுபோனார். பட்டறையில் இன்னொரு மூலையில் ஒரு சின்னப் பையன் வேறொரு காரின் ஓவர்ரைடரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதன் முனைகள் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி உருண்டுவிட்டன. அது ஒரிஜினல்தான். முலாம் போட்டதும் அது பளபளக்கத்தான் செய்யும். ஆனால் அதில் ஒரிஜினல் என்று சொல்ல என்ன மிச்சம்? நல்ல அளவெடுத்துச் செய்த டூப்ளிகேட் அதைவிட மேல்.

அன்றிலிருந்து இந்த வழக்கில் என் கட்சி இதுதான்: பழைய பம்பரா புதுசா என்று கேட்பதற்கு முன், தேய்ப்பவர் யார் என்று கேட்க வேண்டும். நாம் காப்பாற்ற நினைப்பது குரோமை அல்ல. அது எப்படியும் புதுசுதான். தொழிற்சாலையில் போட்டது அமிலத் தொட்டியோடு போயிற்று. காப்பாற்றுவது அந்த அச்சு கொடுத்த உருவத்தை மட்டும். ஒவ்வொரு முலாமுக்கும் இரும்பு கொஞ்சம் தேய்கிறது. இரண்டு தடவை தாங்கும், மூன்று தாங்கலாம். மோசமான கையில் ஒரே தடவையில் போய்விடும்.

இரும்புப் பம்பருக்குத்தான் இந்தப் பேச்சு. கதவுக் கைப்பிடி, டிக்கிக் கைப்பிடி போன்ற துத்தநாக வார்ப்புகள் வேறு சாதி. அவற்றில் புள்ளி விழுந்தால் உள்ளே வேர் ஓடியிருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் குடைந்து அடைத்துத்தான் முலாம் ஏற்ற முடியும். அவற்றைப் புதிதாகவே வாங்கினோம், எந்த வருத்தமும் இல்லாமல்.

தேய்த்த பம்பருக்கு முதலில் செம்பு. இரும்பின் மேல் நேராக அமிலச் செம்பு ஒட்டாது என்பதால் சயனைடு கலந்த தொட்டியில் மெல்லிய செம்புப் படலம். பிறகு அமிலச் செம்பில் தடிமனாக. சின்னப் பள்ளங்களை நிரப்புவது இந்தச் செம்புதான். மறுபடி தேய்ப்பு, மறுபடி செம்பு. செம்பு நிறத்தில் முழுப் பம்பர் வெளியே வந்தபோது பெரியப்பா, “இப்பிடியே மாட்டிக்கலாமா?” என்று கேட்டார். உண்மையிலேயே அவ்வளவு அழகு. அடுத்து நிக்கல், கழுவி உடனே குரோம். குரோம் தொட்டியில் சில நிமிடம்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: மற்றத் தொட்டிகளில் செம்புக் கட்டியும் நிக்கல் கட்டியும் தொங்கும், அவை கரைந்து சாமான்மேல் ஏறும். குரோம் தொட்டியில் தொங்குவது ஈயத் தகடு. குரோமியம் முழுக்க அந்தச் செங்காவித் திரவத்திலிருந்தே வருகிறது. உட்குழிவுகளுக்குள் அது சரியாகப் போகாது. எங்கள் பம்பரின் உள்மடிப்பில் இன்றும் நிக்கலின் மஞ்சள் தெரியும், குனிந்து பார்த்தால்.

அந்தத் திரவம்தான் இந்தத் தொழிலின் விஷமும். ஆறு இணைதிறன் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. மின்சாரம் ஓடும்போது தொட்டி குமிழிவிட்டு மெல்லிய ஆவியை எழுப்பும். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது குரோம் பட்டறை ஆட்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த நோய். தொட்டி வேலை பார்த்தவரின் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே வட்டமான குழிந்த தழும்பு இருந்தது. என்னவென்று கேட்டேன். “குரோம் கடிச்சதுங்க” என்றார், தேள் கொட்டியதைச் சொல்வது போல. கையுறை அவர் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஐரோப்பாவில் 2017-லிருந்து தனி அனுமதி இல்லாமல் இந்தக் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவில் அலங்கார முலாமுக்கு 2027-லிருந்து தடை. மாற்றாக வந்திருக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தில் நஞ்சு மிகக் குறைவு. நிறம்தான் கொஞ்சம் இருண்டு, பழைய நீல ஓட்டம் வராது என்று கார் பிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீல ஓட்டத்துக்காக ஒருவர் மூக்கு ஓட்டையாக வேண்டுமா என்று அவர்களைக் கேட்கலாம். அவர்களில் நானும் ஒருத்தி என்பதால் மெதுவாகவே கேட்கிறேன். இந்த விஷம் பட்டறையோடு நிற்பதுமில்லை: தோல் பதனிடும் தொழிலுக்காகக் குரோமிய ரசாயனம் செய்து மூடப்பட்ட ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் விட்டுப்போன கழிவு மட்டும் 2 லட்சம் டன்னுக்கு மேல். அதன் மஞ்சள் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது.

இந்த உலோகத்துக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் இருக்கும் உறவு பலருக்குத் தெரியாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் கனிமம் பட்டை பட்டையாக ஓடுகிறது. தரம் போதாது, இந்தியாவின் குரோமைட் ஏறக்குறைய எல்லாமே ஒடிசாவின் சுகிந்தாவிலிருந்து வருகிறது. ஆனால் அதே சித்தம்பூண்டியின் வெள்ளைப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 தரையிறங்கும் சோதனைக்கு நிலவு மண் தயாரித்தார்கள். மின்முலாம் உள்ளிட்ட மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்று நாட்டுக்கே இருக்கும் நிறுவனமும் தமிழ்நாட்டில்தான், காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். பட்டறை மேஸ்திரிக்கு அந்த நிறுவனத்தைத் தெரிந்திருந்தது. அவருடைய முதலாளி இளவயதில் அங்கே ஒரு பயிற்சிக்குப் போய்வந்தாராம்.

முன்பம்பர் வந்து மாட்டியாயிற்று. முதுகுக்கு ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்பு பெயின்ட். ஆயுத பூஜைக்குச் சந்தனம் இப்போது நம்பர் பிளேட்டில்தான் வைக்கிறோம். மட்கார்டுக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. சந்தைக்கு வரும் ஆட்கள் பம்பரில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிறார்கள்.

பின்னால் மாட்டியிருப்பது புதுப்பேட்டை ஸ்டெயின்லெஸ்தான். எங்கள் ஒரிஜினல் பின்பம்பர் முதுகுப் பக்கம் முழுக்க அரித்துப்போய், விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அதற்கு முலாம் போடச் சொன்னபோது மேஸ்திரியே மறுத்துவிட்டார். ஸ்டெயின்லெஸ் பம்பருக்கு இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி விழவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். யாருடைய கையையும் குரோம் கடிக்காமல் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்னால் நீலம், பின்னால் லேசான மஞ்சள். கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பெரியப்பாவைக் கூட்டிப்போனபோது, 1886-ம் ஆண்டு பென்ஸ் மோட்டார் வண்டியின் நகல் அங்கே முதல் வரிசையில் நிற்பதைக் காட்டி, “பாருங்க, மியூசியத்துலயே டூப்ளிகேட்தான்” என்றேன். அவர் அசரவில்லை. “அதுக்கு முன்னையும் பின்னையும் ஒரே நெறமா இருக்குதல்ல?” என்றார்.

பம்பரை எடைக்குப் போடச் சொன்ன மனிதர் இப்போது பின்பக்கம் சுவரை ஒட்டித்தான் வண்டியை நிறுத்துகிறார். துறையூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மார்க் 2 ஒன்று சக்கரமில்லாமல் கிடப்பதாக மிளகாய் வியாபாரி ஒருவர் போன சந்தையில் சொல்லிப்போயிருக்கிறார். பின்பம்பர் வண்டியிலேயே இருக்கிறதாம். ஆலைக்காரர் என்ன விலை சொல்வார் என்பதில் பெரியப்பாவுக்குக் கவலை. எனக்கு அதன் முதுகு எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும். தேய்ப்பவர் இன்னும் வேலைக்கு வருகிறாரா என்று சேலத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் வருகிறார் என்றார்கள்.